இரவில் பூசச் சொன்ன கிரீம்

கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோதுதான் முதலில் எரிந்தது. சாயங்கால வெயில், கடுமையானதுகூட இல்லை. கன்னத்தில் மிளகாய்த்தூள் பட்டதுபோல் இருந்தது. துப்பட்டாவால் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. விடுதியில் என் அறையில் இருந்த ஜவளகிரிப் பெண் மஞ்சுளாதான் முகம் வெளுக்க அந்த கிரீமை மருந்துக்கடையில் வாங்கி வந்தாள். டாக்டர் சீட்டு யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்குள் முகத்தில் பவுடர்கூட இருக்கக் கூடாது. எதைப் பூசுவதென்றாலும் தூங்கப் போகும்போதுதான்.

“நைட் கிரீம்க்கா. படுக்கறதுக்கு முன்னாடி போடணும், அவ்ளோதான்,” என்றாள்.

நைட் ஷிஃப்ட் பார்த்த எங்களுக்குப் படுக்கும் நேரம் காலை. பூசிக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டோம், டிபன் வாங்கப் போனோம், பிறகு ஜன்னலோரம் படுத்தோம். எங்கள் இரவு அதுதானே என்று நினைத்தோம். முகம் வெளுத்தது. எல்லோரும் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் சிவந்தது. மெல்லிய நரம்புகள் தெரிந்தன, பருக்கள் கிளம்பின. கிருஷ்ணகிரியில் தோல் மருத்துவரைப் பார்த்தேன்.

“யாரும்மா எழுதிக் கொடுத்தது?”

“யாரும் இல்லீங்க மேடம். நைட்டுன்னு போட்டிருந்துச்சு. காலைல தூங்கறப்ப பூசினேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த கிரீமில் ஸ்டீராய்டு (சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து) இருக்கிறது, நாள்பட்டால் தோல் மெலிந்துவிடும் என்றார். மெலனின் (தோலுக்கு நிறம் தந்து வெயிலைத் தடுக்கும் பொருள்) உண்டாவதைக் குறைக்கும் மருந்தும், மேல்தோலை உரிக்கும் மருந்தும் அதில் கலந்திருந்தன. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கவே கூடாதாம்.

“வெளிநாட்டுல கருக்கணும்னு லோஷன் பூசிக்கிட்டு, வெயில் மாதிரி தோலைக் கருக்கற விளக்குக்கு அடியில படுக்கறாங்க. நீங்க வெளுக்கணும்னு பூசிக்கிட்டு வெயில்ல நிக்கறீங்க. ரெண்டு பக்கமும் கெடறது தோல்தான்மா.”

நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும், மாதக்கணக்கில் எரியலாம் என்றார். தாங்காமல் மறுபடி பூசினால் உடனே அடங்கும், ஆனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இதைப் படிக்கும் நீங்களும் அதே நிலையில் இருந்தால், நீங்களாக எதுவும் செய்யாமல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

நிறுத்தினேன். முகம் வீங்கித் தோல் உரிந்துகொண்டிருந்த நேரத்தில் வேப்பனப்பள்ளியில் தங்கையின் கல்யாணம் வந்தது.

“ஒரு நாளைக்குத்தானே, பூசிக்கோ,” என்றாள் அம்மா. “மாப்ள வூட்டுக்காரங்க என்னமோ வியாதின்னு நெனப்பாங்க. நாளைக்கு உன் தங்கச்சிக்கும் வரும்னு பேசுவாங்க.”

அம்மா சொன்னதில் தப்பில்லை. தங்கைக்காகத்தான் பயந்தாள். டியூபைத் திறந்து விரலில் எடுத்துவிட்டேன். வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு விரலைத் துடைத்துவிட்டு டியூபைக் குப்பையில் போட்டேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். மறுபடி முதலிலிருந்து எரிய என்னிடம் தெம்பில்லை.

மண்டபத்தில் ஓர் அம்மாள், “அம்மை போட்டுதா கண்ணு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தங்கை என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். படம் எடுத்தார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

இப்போது சிவப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. நரம்புக்கோடுகள் மட்டும் இருக்கின்றன. வெயில் ஏறினால், கடிகாரம் பார்ப்பதற்குமுன் எரிச்சலிலேயே கன்னத்துக்கு நேரம் தெரிந்துவிடுகிறது. தெருவின் எந்தப் பக்கம் நிழல் என்று பார்த்துத்தான் நடக்கிறேன்.

போன வாரம் கல்யாண ஆல்பம் வந்தது. ஸ்டுடியோக்காரர் எல்லோர் முகத்தையும் வெளுப்பாக்கி வழவழவென்று ஆக்கியிருந்தார். அதில் என் முகத்தில் ஒரு சிவப்பும் இல்லை.

“இதுல எவ்ளோ நல்லா இருக்க பாரு,” என்றாள் அம்மா. அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டுமாம்.

“மாட்டிக்கோம்மா,” என்றேன். கோபம் வரவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் படத்தில் இருப்பவளாக இருக்கத்தான் எனக்கு ஆசை.