துப்பாக்கிக்கு முன்னால் ஒரு தேநீர்

பத்மாசனி துப்பாக்கி சுடும் கழகத்தில் வேலை செய்கிறாள் என்பது கிளிநொச்சியில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. விளையாட்டுக் கழகம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். "என்ன விளையாட்டு பிள்ளை, பந்தடியோ?" என்று அம்மா கேட்டால், "எல்லாம் இருக்கம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாள். துப்பாக்கி என்ற சொல்லை அந்த வீட்டில் சும்மா வாயில் எடுக்க முடியாது. அண்ணன் சுவரில் படமாக இருக்கிறான்.

ஷார்ஜாவை விட்டுப் பாலைவனத்துப் பக்கம் போகும் சாலையில் அந்தக் கழகம் இருக்கிறது. இந்த நாட்டில் பிழைக்க வந்தவர்கள் நினைத்த நேரத்தில் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிவிட முடியாது. கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். துப்பாக்கி மேசையோடு சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கும். குண்டு போட்டுக் கொடுப்பதற்குப் பக்கத்திலேயே ஒருவர் நிற்பார். பத்மாசனி வரவேற்பில் இருப்பவள். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது, காதுக்கு மாட்டும் மூடியைக் கொடுப்பது, விதிகளை ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒப்பிப்பது, இவை அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளே ஒரு வெடிச் சத்தம் கேட்டாலே கையிலிருந்த பேனா கீழே விழுந்துவிடும்.

உள்ளே சுடக் கற்றுக்கொடுப்பவர் குருங். நேபாளத்துக்காரர், பழைய ராணுவக்காரர். அவரும் பத்மாசனியும் சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த வழக்கம் ஒன்று அங்கே உண்டு. முதல்முறையாகத் தனியாக வருகிறவருக்கு, துப்பாக்கிக்கு முன்னால் ஒரு தேநீர்.

அது இப்படி வந்தது. முன்பு ஒரு மத்தியானம், வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். துப்பாக்கியைக் கையில் வாங்கியவள் இலக்கைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்ற குருங்குக்கு என்ன தோன்றியதோ, மெல்லத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "மெஷின் கராப், மேடம்" என்று துப்பாக்கி பழுதானதாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஆள் தனியாக வந்தால் பத்மாசனி இன்டர்காமில், "குருங் பாய், சாய்" என்பாள். அவர் உள்ளே தாமதப்படுத்துவார்; அதற்குள் அவள் ஆளைக் கவனித்துப் பார்ப்பாள். பெரும்பாலானவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, சுட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறவர்கள்தாம். மேனேஜர் இதை விருந்தோம்பல் என்று நினைத்து ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பாராட்டினார். பத்மாசனி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள்.

அருள்ராஜ் வந்தது குளிர்காலத்தில், வேலைநாள் ஒன்றின் மத்தியானத்தில். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் ஏதோ கிடங்குக் கம்பெனியின் அட்டை தொங்கியது. முப்பதைத் தாண்டியிருக்கும். எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம், படம் எடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பதில் ஒன்றைக்கூட அவன் கேட்கவில்லை. "ஒன் பெர்சன்" என்று சொல்லி அடையாள அட்டையை நீட்டினான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"குருங் பாய், சாய்" என்றாள் பத்மாசனி.

தேநீர் வந்தது. அவன் அதைத் தொடவில்லை. நேரம் போனது. கோப்பையின் மேல் ஆடை படிந்தது. அவன் எழுந்து வந்து கேட்டான். அவள், "ஃபைவ் மினிட்ஸ் சார்" என்றாள். மறுபடி வந்தான், மறுபடி அதையே சொன்னாள். இடையில் அவளுடைய தம்பி ஊரிலிருந்து அழைத்தான். "வேலையில நிக்கிறன்டா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அருள்ராஜ் மூன்றாம் முறை வந்தான். இந்தத் தடவை தனக்குத் தெரிந்த மலையாளத்தை எல்லாம் கூட்டிச் சேர்த்து, "சேச்சி, எத்தர நேரம்? எனிக்கு போகணும்" என்றான். பிறகு திரும்பிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தான்: "வேணும்னே இழுத்தடிக்குது இந்த மலையாளத்துப் பொம்பள."

பத்மாசனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாத இடம் என்று தெரிந்தும் வந்துவிட்டது.

"தம்பி, நான் மலையாளம் இல்லை. தமிழ்தான். யாழ்ப்பாணப் பக்கம்."

அவன் முகம் கன்றிச் சிவந்தது. "ஐயோ, மன்னிச்சுக்கங்கக்கா. நீங்க பேசினது மலையாளம் மாதிரியே…"

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை. இங்கை பாதிப்பேருக்கு நான் சேச்சிதான். வேணுமெண்டே இழுத்தடிக்கிறன் எண்டதும் சரிதான். வந்து இருங்கோ. அந்தத் தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேறை தரச் சொல்லுறன்."

உட்கார்ந்தான். அப்போது பார்த்துக் குருங் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "தீதி, லேன் காலி" என்று தொடங்கியவர் அவளுடைய கண்ணைப் பார்த்தார். "காலி நஹி, காலி நஹி" என்று தானே மாற்றிச் சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

"ஏன்க்கா எனக்குக் குடுக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டான் அருள்ராஜ். கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது. "உங்களைப் பார்க்க எனக்குப் பயமா இருக்கு, தம்பி. எத்தினை நாளா நித்திரை இல்லை?"

"தூக்கமா?" அவன் யோசித்தான். "அந்தப் பெருமழை பேஞ்சு ரோடெல்லாம் கடலாக் கெடந்துச்சே, அதுலேர்ந்துன்னு நினைக்கிறேன்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். தூக்கம் இல்லாமல் ஒரு நாள் அலுவலக மேசையிலேயே வாய் திறந்தபடி தூங்கிவிட்டான். பக்கத்து மேசைக்காரன் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். அன்றிலிருந்து கம்பெனிக் குழுவில் யார் என்ன எழுதினாலும் கீழே அவன் முகம் வந்து விழுகிறது. சரக்கு தாமதம் என்றால் அவன் முகம். பிறந்தநாள் வாழ்த்துக்கும் அவன் முகம். மேனேஜர்கூட அனுப்புகிறார். போனை அணைத்து வைத்தாலும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ரூமில், பஸ்ஸில், குளிக்கும்போது.

"நிஜமாவே கேக்குதுக்கா. காதுக்குள்ள. யாரும் நம்ப மாட்டாங்க."

"நான் நம்புறன். சொல்லுங்கோ."

"எல்லாரையும் நிறுத்தணும்னு தோணுது. ஒரேயடியா. போன வாரம் பூரா யூடியூப்ல அந்த வீடியோவா பாத்துக்கிட்டு இருந்தேன். அமெரிக்காவுல, ஆபீசுக்குள்ள பூந்து…" நிறுத்திக்கொண்டான். உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தான். "அப்பறம் என்னைப் பத்தியே பயமாப் போச்சு. இங்க எதுக்கு வந்தேன்னு கேட்டீங்கன்னா, அவங்களை நினைச்சா, என்னை நினைச்சான்னு எனக்கே தெரியலக்கா."

ஒரு துப்பாக்கிச் சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் வீடுகள் எப்படி இருக்கும் என்று பத்மாசனிக்குத் தெரியும். அறிவுரை சொல்லத் தெரியாது. இந்த மனிதனுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் எவ்வளவு நேரத்தை வைக்க முடியுமோ அவ்வளவையும் வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அவனுடைய அடையாள அட்டையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். அவன் பார்க்கும்படியே பூட்டினாள்.

"இண்டைக்கு இல்லை, தம்பி. இண்டைக்கு மட்டும் இல்லை, எண்டைக்கும் உங்களுக்கு இங்கை இல்லை. கோவிக்கிறதெண்டால் கோவியுங்கோ."

அவன் கோபிக்கவில்லை. தோள்கள் இறங்கின.

"டொக்டரிட்டைப் போனீங்களோ?"

"பைத்தியம்னு எழுதிட்டா வீசா போயிரும்க்கா. கம்பெனியே ஏத்தி அனுப்பிருவான்."

"நான் போனனான். இங்கை வந்த புதுசில, இந்த வெடிச் சத்தத்தில ராவெல்லாம் முழிச்சு எழும்பி இருப்பன். என்ரை அறையில இருக்கிற ஹபீபுன்னிசாதான் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவ. ஒரு வருசம் குளிசை போட்டனான்."

"குளிசைன்னா?"

"மாத்திரை. உங்கடை வீசாவைப் பற்றி எனக்குத் தெரியாது, பொய் சொல்லமாட்டன். என்ரை வீசாவை பிறகும் புதுப்பிச்சுத் தந்தவங்கள். இந்தா, இருக்கிறன்தானே."

அவன் போன் அதிர்ந்தது. மேசைமேல் கிடந்த திரையில் 'மாமா' என்று வந்தது. அவன் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது.

"ஆர் அது?"

"எங்க ஊரு. அம்மா கூடப் பொறந்தவரு. இங்கதான் தண்ணி டேங்கர் ஓட்டுறாரு. தெனமும் இந்நேரத்துக்குச் சாப்டியான்னு கேப்பாரு."

"எடுங்கோவன்."

"என்ன சொல்றது?"

"நான் எடுக்கட்டே?"

அவன் போனை அவள் பக்கம் தள்ளினான். அவள் எடுத்து, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வணக்கம் அண்ணை. நான் அருள்ராஜுக்குப் பக்கத்தில இருந்து கதைக்கிறன். அவருக்குக் கொஞ்சம் சுகமில்லை. நீங்கள் ஒருக்கா வரவேணும்."

அந்தப் பக்கம் ஒரு லாரியின் இரைச்சல். பிறகு ஒரு முரட்டுக் குரல் தட்டுத்தடுமாறியது: "சேச்சி… ஞான் தமிழு… மலையாளம் கொறச்சு… கொறச்சு மாலும்…"

அருள்ராஜ் முன்னால் குனிந்தான். "மாமா, அவங்க தமிழ்தான்."

"டேய் மாப்ள! நீயா? ஒன் போன எவளோ எடுத்து மலையாளத்துல பேசுறாளேன்னு வெலவெலத்துப் போயிட்டேன்டா. எங்கடா கெடக்க? சாப்டியா?"

"இல்ல மாமா." அவன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "மாமா, எனக்கு முடியல. வாங்க மாமா."

லாரியின் இரைச்சல் நின்றது. "தாயி, எடத்த அனுப்பு," என்றார் மாமா அம்மையப்பன். "அவன எங்கயும் விட்ராத."

அவர் வந்தது டேங்கரோடுதான். வாசலில் இருந்த காவலாளி, தண்ணீர் கேட்டு ஆர்டர் எதுவும் இல்லை என்று வழிமறித்தான். "ஆர்டர் மாஃபி, ஆதமி ஹே உள்ளே!" என்று தன் ஆள் உள்ளே இருப்பதை அம்மையப்பன் மூன்று மொழியில் கலந்து கத்தியது வரவேற்பு வரை கேட்டது. குருங் ஓடிப்போய்த் தடுப்பைத் தூக்கிவிட்டார். உள்ளே வந்த அம்மையப்பன் வெயிலில் கறுத்த, கட்டை குட்டையான ஆள். சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கிப் படங்களைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏன்டா, மத்தியானச் சோத்துக்கு இவ்வளவு தூரமாடா வருவ?" என்று அவன் பின்தலையைத் தடவினார். தடவிய கை அங்கேயே நின்றுவிட்டது. "எலும்பாப் போயிட்டியேடா. தெனமும் சாப்டேன் சாப்டேன்னு சொன்னியே. பக்கத்துலதான இருக்கேன், ஒரு நாளு நேர்ல வந்து பாத்திருப்பனே."

பத்மாசனி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் சொன்னதையெல்லாம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்த வீடியோக்களையும் சொன்னாள். "ஆரையும் ஏதும் செய்துபோடுவனோ, என்னையே ஏதும் செய்துபோடுவனோ எண்டு பயப்பிடுறார் அண்ணை. அந்தப் பயம் இருக்கிறது நல்லது. அது இருக்கிறபோதே டொக்டரிட்டைக் காட்டவேணும். நாளைக்கு இல்லை, இண்டைக்கு." தான் போன மருத்துவமனையின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் அவர் போனில் பதிந்து கொடுத்தாள். "தனிய விடாதையுங்கோ. உங்கடை அறையிலயே படுக்க வையுங்கோ."

"என் ரூமுல எட்டுப் பேரு தாயி. தனியா இருக்கணும்னாலும் எடம் கெடையாது," என்றார் அம்மையப்பன். சொல்லிவிட்டு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அருள்ராஜிடம் சொன்னாள்: "இந்த வாசலுக்கு இனி வரக்கூடாது, தம்பி. என்னோடை கதைக்கவேணுமெண்டால் ஞாயிற்றுக்கிழமையில முவைலாப் பூங்காவுக்கு வாங்கோ. நானும் ஹபீபுன்னிசாவும் பின்னேரம் அங்கைதான் நிப்பம்."

டேங்கர் முழுக்கத் தண்ணீர். ஏதோ ஒரு சைட்டில் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். ஃபோர்மேன் அழைத்துக்கொண்டே இருந்தான். அம்மையப்பன் போனைக் காதில் வைத்து, "கல்லாஸ் பாய், ஆஜ் லேட்" என்று தாமதத்தைச் சொல்லி வைத்துவிட்டு, மருமகனைக் கைப்பிடித்து உயரமான இருக்கையில் ஏற்றினார். சீட் பெல்ட்டையும் அவரே மாட்டிவிட்டார்.

இரண்டு ஞாயிறு யாரும் வரவில்லை. பத்மாசனி பூங்காவில் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "போன் போட்டுக் கேளேன்டி," என்று ஹபீபுன்னிசா திட்டினாள். "பாவம், போட்டாத் தொந்தரவு எண்டு நினைப்பினம்" என்று சொல்லிக்கொண்டே, அம்மையப்பனின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

மூன்றாம் ஞாயிறு இருவரும் வந்தார்கள். அம்மையப்பன் கையில் ஒரு பெரிய தூக்குச் சட்டி. கேம்ப்பில் தானே சமைத்த மீன்குழம்பாம். முதல் வாரம் அவனை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்களாம். அம்மையப்பன் லீவு போட்டுவிட்டு வராந்தாவிலேயே கிடந்தாராம். கம்பெனிக்கு மருத்துவச் சீட்டு போயிருக்கிறது. வேலை நிற்குமா நிற்காதா என்று தெரியவில்லை. "போனாப் போவுது. ஆளு இருந்தா வேலை வரும்," என்றார் அம்மையப்பன்.

"சிரிப்புச் சத்தம்?" என்று கேட்டாள் பத்மாசனி.

"இருக்குக்கா. ஆனா தூரத்துல. பக்கத்து வீட்டு டிவி மாதிரி." அருள்ராஜ் மரத்தடிப் புல்லில் விரித்த பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பேச்சு மெதுவாக வந்தது. "அந்தக் குரூப்லேர்ந்து வெளிய வந்துட்டேன். டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா…"

என்ன சொன்னார்கள் என்று அவன் சொல்லவில்லை. மரத்தில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மையப்பன் பதறிப்போய் அவன் தோளைத் தொடப் போனார். "டேய், சோறு…"

"விடுங்கோ அண்ணை" என்றாள் பத்மாசனி. "சோறு ஆறினால் ஆறட்டும்."

ஹபீபுன்னிசா தன் துப்பட்டாவை மடித்து, வெயில் விழாமல் அவன் முகத்துக்கு மேலே கிளையில் போட்டாள். அம்மையப்பன் அவன் ஷூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாயோரம் வைத்தார். பிறகு மூவரும் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்கள்.