மூன்றாம் மாடி ஜன்னல்

பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் நடத்தும் அந்தப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘எண்ணிக்கை மேடம்’. லிஃப்ட்டில் எத்தனை பேர் கதவைப் பார்த்தபடி நிற்கிறார்கள், கூட்டத்தில் முதல் கைதட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நொடி என்பதெல்லாம் அவருடைய நோட்டில் இருக்கும். “டாக்டர்கிட்ட போனாலும் யார் முதல்ல இருமினாங்கன்னு எழுதிட்டுத்தான் உட்காருவா” என்பாள், கூடவே இருக்கும் தங்கை.

அந்த வருடம் எடுத்த ஆய்வு எளிமையானது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஓர் அலுவலகக் கட்டடம். மாலை நாலு பத்துக்கு ஐந்து மாணவர்கள் நடைபாதையில் நின்று அதன் மூன்றாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே ஒன்றுமில்லை. வழியில் போகிறவர்களில் எத்தனை பேர் தாங்களும் நின்று பார்க்கிறார்கள் என்று பேராசிரியை தள்ளி நின்று எண்ணுவார். ஒன்பது நாளில் வேலை முடிந்தது.

ஒரு மாதம் கழித்து அதே நேரத்தில் அந்த வழியாக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பதினேழு பேர் அண்ணாந்து நின்றார்கள். ஒருவர்கூட அவருடைய மாணவர் இல்லை. யாரும் வாய் திறக்கவில்லை.

நடைபாதையோரம் பூட்டு ரிப்பேர் செய்பவரிடம் கேட்டார். “எதைப் பார்க்குறாங்க?”

“அந்தம்மாவைத்தான். இன்னும் வரல.”

“எந்தம்மா?”

“மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாங்க. ஒரு நோட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நிப்பாங்க. அவ்வளவுதான்.”

பேராசிரியை தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, நெஞ்சோடு அணைத்திருந்த நோட்டைப் பைக்குள் திணித்தார்.

மறுநாள் மாலை நாலு மணிக்குப் பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டிக் கட்டடக் காவலாளியிடம் சாவி வாங்கினார். “மேல தூசியைத் தவிர ஒண்ணுமில்ல மேடம். பூட்டினதிலிருந்து ஒரு ஆள் ஏறல” என்றார் அவர். உண்மைதான். மூன்றாம் மாடி அறையில் தூசி மெத்தை போலக் கிடந்தது. பதிந்தவை பேராசிரியையின் காலடிகள் மட்டுமே. ஜன்னலருகே போய்க் கீழே பார்த்தார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. பிறகு, நிம்மதியானது போல எல்லாத் தோள்களும் ஒன்றாகத் தளர்ந்தன. கலைந்து போனார்கள்.

“இனி அந்தப் பக்கமே போகாதே” என்றாள் தங்கை.

“போகலைன்னா நின்னுக்கிட்டே இருப்பாங்களே.”

“நிக்கட்டும். அதுக்கு நீ டூட்டி பார்க்கணுமா?”

போனார். தினமும் போனார். ஆய்வுக்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கூட்டம் ஏன் கூட்டத்தைப் பின்பற்றுகிறது என்று வகுப்பில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கண் கடிகாரத்துக்கு ஓடும். சாவி கைப்பையிலேயே தங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு மாணவியின் வாய்மொழித் தேர்வு இழுத்துக்கொண்டே போனது. மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். நடைபாதை காலியாகிக்கொண்டிருந்தது. எதிரே வந்த முகங்களில் அதே நிம்மதி.

“இன்னைக்கு டாண்ணு வந்துட்டாங்க” என்றார் பூட்டு ரிப்பேர்காரர், கடையைக் கட்டியபடி. “கைகூட அசைச்சாங்க. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான்.”

பேராசிரியை பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பிடரியில் யாரோ பார்ப்பது போலக் குறுகுறுத்தது. தரையைப் பார்த்தபடியே தெருவைக் கடந்து, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். எங்கே போகும் பஸ் என்றுகூடக் கேட்கவில்லை.

சாவியை அலுவலக உதவியாளர் மூலம் திருப்பி அனுப்பினார். அந்த ஆய்வைக் கட்டுரையாக எழுதவே இல்லை. ஆறு வருடம் கழித்து ஓய்வு பெறும்வரை சுற்றுவழியில்தான் வேலைக்குப் போனார்.

இடையில் ஒருநாள் தங்கை கடைக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தாள்.

“அங்க இன்னும் கூட்டம் நிக்குதுக்கா.”

“நீயும் பார்த்தியா?”

“எல்லாரும் பார்க்குறாங்க, நான் மட்டும் பார்க்காம வருவேனா?”

தங்கை அக்காவின் மூக்குக்கண்ணாடியையே பார்த்தபடி, “நீ எப்பக்கா வீட்டுக்கு வந்தே?” என்றாள்.