நாலு கட்டைக்கு ஒருமுறை நிற்கும் கார்

அக்காவுக்குக் கார் பார்க்கப் போனபோது எனக்குப் பத்து வயது. மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் கனடாவில் இருந்தார். உள்ளங்கை அளவு படமாக எங்கள் வீட்டுக்கு வந்து, அலுமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கலியாணமும் அங்கேதான். அக்கா கிளாலிக்குப் போய், கடலேரியைப் படகில் கடந்து, கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்த அப்பாவிடம் போய்ச் சேர வேண்டும். பிறகு விமானம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதற்கு அந்தச் சண்டைக் காலத்தில் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுத்துப் போகிறவருக்காக வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும், பிணை நிற்பவர் கடலேரியைத் தாண்டக் கூடாது. அக்காவுக்குப் பிணை நின்றது அம்மா. அதனால் பெற்ற தாய் கலியாணத்துக்குப் போக முடியாது. என்னைப் போகவிடாமல் பிடித்துவைக்க வேறு பிணை தேவையில்லை, அம்மாவின் சேலைத் தலைப்பே போதும்.

அம்மா எதற்கும் அடம்பிடிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நின்ற இடத்திலேயே நின்றாள். கிளாலிக்குப் போகிற எல்லாரையும்போல உழவு இயந்திரப் பெட்டியிலோ சைக்கிள் கரியரிலோ தன் மகள் போகக் கூடாது. எங்கள் வாசலில் இருந்து காரில் ஏறித்தான் போக வேண்டும்.

“தாலி கட்டுறதைப் பாக்கக் குடுத்துவைக்கேல்லை. பொம்பிளையைக் காரிலை ஏத்தி அனுப்பினன் எண்டாவது இருக்கட்டும் அண்ணை” என்று அம்மா தன் தமையனிடம் சொன்னாள். அந்தத் தமையன்தான் என் மாமா. அக்காவைக் கொழும்பு வரை கூட்டிப்போகப் பாஸ் எடுத்திருந்தவரும் அவரே.

அந்த நாட்களில் நான் அக்காவோடு கோபம். பாஸ் கிடைத்த அன்றே அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன். நானும் அவளும் ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள், ஆகவே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். பிறந்ததிலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டது அவள்தான். இப்போது அவள் சீப்பை எடுத்தால் நான் கிணற்றடிக்கு ஓடினேன். நானே பின்னிக்கொண்டு, வகிடு வடக்கே போக, ஒரு பின்னல் தெற்கே தொங்க, பள்ளிக்கூடம் போனேன். எல்லாரும் சிரித்தார்கள். அதுவும் அக்காவின் பிழை என்று எழுதிவைத்துக்கொண்டேன்.

என்னை வழிக்குக் கொண்டுவர மாமா ஒரு தந்திரம் செய்தார். எனக்குக் கார் என்றால் உயிர் என்பது அவருக்குத் தெரியும். பெற்றோல் இல்லாமல் ஊரில் பத்துக் கார்கூட ஓடாத காலம் அது. ஓடிய அந்தப் பழைய கார்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சந்தியில் திரும்பும்போதே எது யாருடைய கார் என்று இருமலை வைத்துச் சொல்லிவிடுவேன்.

“அக்காவுக்கு வாடகைக்குப் பிடிக்கிற காரை நீதான் பாத்துத் தெரிய வேணும் பிள்ளை. எனக்குச் சில்லு நாலு எண்டதைத் தவிர வேறை என்ன தெரியும்?” என்றார்.

கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சைக்கிள் பாரில் ஏறிக்கொண்டேன்.

முதல் கார் எங்கள் அச்சுவேலியிலேயே இருந்தது. சந்தைக்கு மரக்கறி ஏற்றும் சின்னக் கார். கதவைத் திறந்ததும் வெங்காய மணம் முகத்தில் அடித்தது. ஆசனத்தின் பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. “கிளாலிக்கு எத்தினை தரம் போட்டு வந்திட்டுது. ஒரு இடத்திலை நிண்டது எண்டு இல்லை” என்றார் சொந்தக்காரர். மாமாவின் முகம் மலர்ந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டாவது கார் கரவெட்டியில். அதன் ஒரு கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. காலடித் தகட்டில் இருந்த ஓட்டையால் கீழே புல் தெரிந்தது. மழை பெய்தால் கால் கழுவலாம் என்று மாமா சொன்னார். இதுவரை நான் நேர்மையாகத்தான் தெரிவு செய்தேன் என்பதைச் சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாவது, நல்லூரில் ஓர் ஓய்வுபெற்ற அப்புக்காத்தரின் வீட்டில் இருந்தது. ஒரு காலத்தில் அவர் வழக்காடக் கோட்டுக்குப் போய்வந்த கார். குண்டு போடும் விமானத்தின் கண்ணில் படாமல் இருக்க அதன்மேல் தென்னோலைக் கிடுகு பரப்பி, கிடுகுக்குக் கீழே வெள்ளைப் படுக்கை விரிப்புப் போட்டிருந்தார். அவர் விரிப்பை இழுத்தார், கார் வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு நீளம். கறுப்பு. முன்னால் வெள்ளிபோல மின்னும் பெரிய சல்லடை. அயலவர்கள் அதற்குக் கப்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பின்கதவைத் திறந்தார். உள்ளே கூரையில் ஒரு சின்ன விளக்கு தானாகவே எரிந்தது. எங்களூரில் மின்சாரம் நின்று இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. குப்பி விளக்கில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, கதவைத் திறந்தால் எரிகிற ஒரு விளக்கு, அதுவும் பட்டப்பகலில். நான் கதவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தேன். ஆசனங்கள் தோல், பேரீச்சம்பழ நிறம். ஏறி உட்கார்ந்தால் கால் நிலத்தைத் தொடவில்லை. முன் ஆசனத்தின் முதுகில் மரத்தாலான ஒரு சின்ன மேசை மடித்து வைக்கப்பட்டிருந்தது. இழுத்தால் மடிக்கு மேலே வந்து நின்றது. இந்த உலகத்தில் எனக்கு ஒரு கார் போதும், அது இதுதான் என்று முடிவு செய்தேன்.

அதற்குள் வெளியே மாமா கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். “கிளாலி மட்டும் போகுமோ ஐயா?”

“பொய் சொல்ல மாட்டன். இவ நல்லவ. ஆனால் மண்ணெண்ணெய் இவவுக்கு ஒத்துவராது” என்றார் அப்புக்காத்தர். “நாலு கட்டை ஓடினால் சூடேறி நிண்டிடுவா. அரை மணித்தியாலம் ஆற வேணும். பிறகு எழுப்பிறதுக்குக் கொஞ்சம் பெற்றோல் காட்ட வேணும். உங்கடை வாசலிலை எழுப்பிறதோடை சேத்து மூண்டு தரம் எழுப்பக் காணும். நாலாந்தரத்துக்கு என்னட்டை இல்லை.”

எங்களூரில் மைலைக் கட்டை என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டிலிருந்து கிளாலி ஏறக்குறையப் பதினெட்டுக் கட்டை. கணக்குப் பாடத்தில் நான் வாங்கும் புள்ளிகளை வெளியில் சொல்ல முடியாது. ஆனால் அன்று அந்த மரமேசையின் தூசியில் விரலால் எழுதி, நான் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஒரு தரத்துக்கு நாலு கட்டை. மூன்று தரத்துக்குப் பன்னிரண்டு. மிச்சம் ஆறு கட்டை. பாஸ் அந்த ஒரு நாளைக்கு மட்டும். படகை விட்டால் பாஸ் போய்விடும், பாஸ் போனால் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் என் முதுகுக்குப் பின்னாலேயே இருப்பாள். எழுதியதை உள்ளங்கையால் அழித்துவிட்டு இறங்கினேன்.

“இதுதான் வேணும்” என்றேன்.

வழி முழுதும் மாமா என்னோடு வழக்காடினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டார். நான் தோல் ஆசனத்தையும் தானாய் எரியும் விளக்கையும் பற்றி ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவள் சின்னப்பிள்ளை, விளக்கைக் கண்டு மயங்கிப்போனாள். அது நாலு கட்டைக்கு ஒருக்கா நிக்குமாம் தங்கச்சி” என்றார் மாமா.

அம்மா சுளகை நிறுத்தினாள். “எவ்வளவு நேரம் நிக்குமாம்?”

“அரை மணித்தியாலமாவது நிக்குமாம். படகை விட்டமெண்டால் பாஸ் துலைஞ்சுது. பிறகு ஆர் தருவினம்?”

அம்மா அரிசியில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு அவள், “பிள்ளை ஆசைப்பட்டுத் தெரிஞ்சது. அதையே பிடியுங்கோ” என்றாள்.

அம்மாவை இவ்வளவு இலேசாக ஏமாற்றிவிட்டேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மாமா மேலதிகமாகக் கொஞ்சம் பெற்றோல் தேடி மூன்று நாள் அலைந்தார். கொண்டுபோன இருமல் மருந்துப் போத்தலை வெறும் போத்தலாகவே திருப்பிக் கொண்டுவந்தார். அவர் படலையைத் திறக்கும்போதெல்லாம் நான் முதலில் போத்தலைத்தான் பார்த்தேன்.

அந்த நாள் வந்தது. மத்தியானம் கப்பல் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து, இரண்டு பக்க வேலியையும் உரசிக்கொண்டு நின்றது. அப்புக்காத்தர் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து தானே ஓட்டி வந்திருந்தார். அயலவர்கள் படலைக்கு வந்து பார்த்தார்கள். அக்கா சிவப்புப் பட்டு உடுத்து, தலை நிறைய மல்லிகை வைத்து, மாப்பிள்ளை இல்லாத பொம்பிளையாக இறங்கி வந்தாள். அவள் அழகாக இருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா ஒரு பெரிய கூடையையும் சுருட்டிய பாய் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். “கிளாலிக்குப் போட்டு வாறதுக்குப் பாய் என்னத்துக்கு?” என்று மாமா கேட்டார். அம்மா பாயைக் காலடியில் வைத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் ஏறினாள். நான் மற்றக் கரையில் யன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

கப்பல் சொன்ன சொல் தவறவில்லை. புத்தூர் தாண்டி வயல்வெளியில் முதல்முறை நின்றது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புக்காத்தர் முன்மூடியைத் திறந்து, தொப்பியால் இயந்திரத்துக்கு விசிறினார். அம்மா ஒரு பனை நிழலைப் பார்த்துப் பாயை விரித்தாள். கூடையிலிருந்து வாழையிலையில் கட்டிய இடியப்பமும் சம்பலும் வந்தன. சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் வந்தது. கடித்துக்கொள்ளப் பனங்கட்டி வந்தது. அம்மா அக்காவின் வாயில் சின்னப்பிள்ளைக்குத் தீத்துவதுபோலத் தீத்தினாள். பட்டில் சம்பல் படப்போகிறதென்று அக்கா சிரித்தாள்.

மீசாலையில் ஒரு மாமரத்தடியில் இரண்டாவது முறை நின்றது. பாய் மறுபடியும் விரிந்தது. அம்மா அக்காவின் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா மற்றக் கையால் என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்சை வா. உந்தத் தலையோடை உன்னை விட்டிட்டு என்னெண்டு போறது?”

கிணற்றடி எதுவும் பக்கத்தில் இல்லை. போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். வகிடு நேராகப் போவது உச்சியில் தெரிந்தது. இரண்டு பின்னலையும் இறுக்கிப் பின்னி, தன் தலையிலிருந்து கொஞ்சம் மல்லிகையை எடுத்து எனக்கு வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. கணக்கை நினைத்து அடக்கிக்கொண்டேன். இன்னும் நாலு கட்டைதான், பிறகு இவள் எங்கேயும் போக மாட்டாள்.

கொடிகாமம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் கப்பல் மூன்றாவது முறை நின்றது. ஆறியது. மாமா அப்புக்காத்தரின் பெற்றோல் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினார், ஒரு துளிகூட இல்லை. மண்ணெண்ணெயை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அது கனைத்தது, எழும்பவில்லை. மாமாவும் அப்புக்காத்தரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் நெஞ்சு படபடவென்று அடித்தது. அது சந்தோசம் என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஊரில் உள்ள எல்லா இயந்திரங்களின் சத்தமும் அறிந்த எனக்குத்தான் முதலில் தெரிந்தது. கிளாலிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓர் உழவு இயந்திரம் வந்துகொண்டிருந்தது. என் கணக்கில் நான் அதைச் சேர்க்கவில்லை.

மாமா நடுறோட்டில் நின்று கையை விரித்தார். பெட்டிக்குள் ஏற்கெனவே மூட்டைகளும் குழந்தைகளும் நிறைந்திருந்தன. யாரோ ஒதுங்கி இடம் விட்டார்கள். அக்கா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சில்லில் கால் வைத்து ஏறினாள். அம்மா கீழே நின்று அவளுடைய பாதத்தைப் பிடித்திருந்தாள், ஏற உதவி செய்கிறவள்போல. ஏறிய பிறகும் பிடித்திருந்தாள்.

“போட்டு வாறன் அம்மா” என்றாள் அக்கா.

மாமாவும் பையோடு ஏறிக்கொண்டதும் உழவு இயந்திரம் புறப்பட்டது. கூட்டத்துக்கு நடுவில் அந்தச் சிவப்பு கொஞ்சத் தூரம் தெரிந்தது. அப்புக்காத்தர் பெற்றோல் தேடிக் கொடிகாமத்துக்கு நடந்தார். அம்மா பாயைச் சுருட்டவில்லை. அதன் நடுவில் உட்கார்ந்து, அழுதாள். நான் தெரிவு செய்த கார் பாதிவழியில் மானத்தை வாங்கிவிட்டதென்று அழுகிறாள் என்று நினைத்து, காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சின்ன விளக்கையே பார்த்தபடி நின்றேன்.

அம்மா என்னைப் பிறகு ஒரு வார்த்தை ஏசவில்லை. கார் எப்படி என்று அயலவர்கள் கேட்டபோது, நல்ல கார் என்றாள். அது எனக்கு இன்னும் உறுத்தியது. ஒரு கலியாணத்தையே குழப்பப் பார்த்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்துக் கலியாணப் படங்கள் வந்தன. ஒன்றில் அக்கா ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் நின்றாள். எங்கள் கப்பலைப்போல இரண்டு மடங்கு நீளம். கண்ணாடிபோல மினுக்கம். நான் அதன் சில்லுகளை எண்ணினேன், யன்னல்களை எண்ணினேன். அம்மா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நெடுநேரம் வைத்துப் பார்த்தாள்.

“உது இடையிலை ஒரு இடத்திலையும் நிக்காது போலை” என்றாள்.

நான் ஓம் என்று தலையாட்டினேன். அம்மா அந்தக் காரை மெச்சுகிறாள் என்றுதான் அன்று எனக்கு விளங்கியது.