அவரைப் பந்தலுக்குப் போட்ட இறால் வலை

என் மனைவி ஜமுனா எப்படிப்பட்டவள் என்று கேட்டால், பிடிவாதக்காரி என்றுதான் முதலில் சொல்வேன். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் அவரை காய்க்க வைக்கிறேன் என்று மூன்று வருஷமாக மல்லுக்கு நின்றவளை வேறு என்ன சொல்ல? முதல் வருஷம் கொடி உப்பில் கருகியது. அடுத்த வருஷம் ஆடு மேய்ந்தது. இத்தனைக்கும் காரணம் அவளுடைய அண்ணி எல்லம்மா. பசியாவரத்திலிருந்து பொங்கல் சீர் கொண்டு வரும்போதெல்லாம் அவரைக்காயைத் தனிப் பையில் நீட்டி, உங்க மணல்ல இன்னா மொளைக்கப் போவுது என்று சிரிப்பாள்.

போன ஆடியில் ஜமுனா மறுபடி விதை போட்டாள். அதோடு விட்டாளா? அண்ணிக்குப் போன் போட்டு, இந்தப் பொங்கலுக்குச் சீரில் அவரைக்காய் வேண்டாம், என் பந்தலில் பறித்தே குழம்பு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கொடி ஏறியது. ஐப்பசி மழையோடு தட்டானும் அந்துப்பூச்சியும் பச்சைப் புழுவும் வந்தன. அவற்றின் பின்னாலேயே குருவிகளும் வந்தன. ஜமுனா பாத்திரம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்ப்பாள். தையல்சிட்டு இலைக்கு அடியில் புகுந்து புழு பொறுக்கும். கரிச்சான் பந்தல் காலில் உட்கார்ந்து பறக்கிற பூச்சியைப் பிடிக்கும். கரிச்சான் வந்த தேதியைக் காலண்டரில் பேனாவால் குறித்துக்கூட வைத்தாள். கலெக்டர் வந்த மாதிரி இதற்கொரு குறிப்பா என்று நான் கிண்டல் செய்தேன்.

கார்த்திகையில் பந்தல் நிறையப் பூ. அந்த நேரம் பார்த்துப் பொன்னேரியில் இருக்கும் எங்கள் மகள் அனிதாவுக்கு டைபாய்டு. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஜமுனா கிளம்பினாள். தண்ணீர் மட்டும் ஊற்று, வேறு எதிலும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் கை வைத்தேன். ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், கொண்டைக்குருவிகள் இரண்டு பூவைப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு வந்ததே கோபம்! பரணில் கிடந்த பழைய இறால் வலையை எடுத்து, பந்தலைச் சுற்றி மேலிருந்து தரை வரைக்கும் ஒரு சந்து விடாமல் கட்டினேன். ஏரியில் இறாலே தப்பாத வலை, குருவியா நுழையும்? தையல்சிட்டு இரண்டு நாள் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அப்புறம் வரவில்லை. கரிச்சானும் போய்விட்டது. ஜமுனா வந்து பார்த்து அசந்து போவாள் என்று இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, மார்கழி நடுவில் வந்தாள். வலையைத் தூக்கி ஒரு காயைப் பறித்து உடைத்தாள். உள்ளே பச்சைப் புழு. இன்னொன்றிலும் புழு. கொழுந்தெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக் கறுத்துக் கிடந்தது.

"இன்னாயா பண்ணி வச்சிக்கிற?" என்றாள். "பத்து பூவக் கொத்தினாலும் அதுங்கதான புழுவப் பொறுக்கினு இருந்துச்சிங்க. அந்துப்பூச்சி உன் வலைக் கண்ணுல பூந்து போயி முட்ட வைக்கும். குருவி போவுமா?"

வலைக் கண்ணைவிடச் சின்னது போய்விடும், பெரியதுதான் நிற்கும். முப்பது வருஷமாக வலை போடுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆத்திரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த நிமிஷமே அவிழ்த்துச் சுவரோரம் எறிந்தேன். குருவிகள் என்ன, நான் கூப்பிட்டதும் வருமா? தையல்சிட்டு திரும்பி வந்தபோது பொங்கலுக்கு நாலே நாள்.

பொன்னேரிக்குப் போய் ஒரு கிலோ வாங்கி வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். கடைக்காயை என் காய் என்று சொல்ல மாட்டேன் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

பொங்கலன்று காலையில் மச்சான் தேசப்பனும் எல்லம்மாவும் சீரோடு வந்தார்கள். ஜமுனா சொல்லியிருந்தபடியே சீரில் அவரைக்காய் இல்லை. அடுப்படி முறத்தில் ஓட்டை விழுந்த பாகத்தையெல்லாம் அரிந்து தள்ளியது போக ஒரு கைப்பிடிதான் தேறியிருந்தது. எல்லம்மா முறத்தைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் கிடந்த வலையையும், பந்தல் காலில் இன்னும் தொங்கிய முடிச்சுகளையும் பார்த்தாள்.

"செடிக்குப் போயி எந்த அறிவாளி வல கட்டினது?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் அண்ணி" என்றாள் ஜமுனா.

எல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜமுனா குனிந்து அந்த ஒரு கைப்பிடிக் காயைக் கழுவிக்கொண்டிருந்தாள். பந்தல் காலில் தொங்கிய முடிச்சு என் கை முடிச்சு. மச்சானும் வலைக்காரன், அவனுக்கு அது தெரியும். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.