நாற்காலி போட்ட வீடு

டிரானா நகரத்தில் எங்கள் பஸ்ஸில் மிமோசாவுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு இறங்கியவன் எவனும் கிடையாது. நான் வண்டி ஓட்டினேன், அவள் சீட்டுக் கிழித்தாள். தூங்குவதுபோல் நடிக்கும் காலேஜ் பையனின் தோளைத் தட்டி, "என்ன ராஜா, சீட்டைக் கனவுலயே வாங்கிட்டியா?" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கிற அந்தப் பெண்ணை அவள் வீட்டாரும் ஆஸ்பத்திரிக்காரர்களும் சேர்ந்து ஏமாற்றினார்கள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவளுடைய ஒரே மகள் எரிசாவுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. புருஷன் பெட்ரிட்டுக்குக் கிரீஸில் கட்டட வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாயை விடமாட்டார்கள். கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு, அதிலேயே கிடந்தாள். முதல் நாள் டாக்டர் வெளியே வந்து கேட்டதே, "கூட ஆம்பளை யாரு வந்திருக்கீங்க?" என்றுதான். பெட்ரிட்டின் அண்ணன் ஸ்கெந்தெர் எழுந்து போனார். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. கெட்ட செய்தி என்றால் ஆண்பிள்ளை காதில்தான் போடுவார்கள், தாய் தாங்கமாட்டாளாம். எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ!

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஸ்கெந்தெர், "மருந்து கேக்குதாம், கவலைப்படாதே" என்றார். டாக்டரை மறித்துக் கேட்டால் அவர் நடந்துகொண்டே, "எல்லாம் உங்க ஆளுங்ககிட்ட சொல்லியிருக்கேம்மா" என்பார். அதையும் அவள் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டாள். சொந்த மனிதர்கள் முகத்தில் யார் பொய்யைத் தேடுவார்கள்?

ஒரு நாள் மத்தியானம் ஸ்கெந்தெர் அவளை விரட்டாத குறையாக அனுப்பினார். "எங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படு. குழந்தை கண்ணு முழிச்சா உன்னை இந்தக் கோலத்துல பாக்கக்கூடாது." ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் என் பஸ்ஸில்தான் ஏறினாள்.

"பெட்ரிட்டோட அண்ணன் அவங்க வீட்டுக்குப் போகச் சொன்னாருண்ணே. நான் முதல்ல என் வீட்டுக்குப் போய்ப் பாப்பாவுக்கு மாத்துத் துணி எடுத்துக்கறேன். சீக்கிரமே வார்டுக்கு மாத்திடுவாங்க போல."

முகத்தில் சிரிப்புகூட இருந்தது. அவள் வீடு கடைசி நிறுத்தத்துக்கு எதிரில். வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு நான் சிகரெட் பற்றவைப்பதற்குள் ஓடிவந்துவிட்டாள். கையில் துணி இல்லை.

"அண்ணே, என் வீட்டுல நாற்காலி போட்டிருக்காங்க."

எங்கள் ஊரில் சாவு வீட்டில்தான் அப்படி நாற்காலி போடுவார்கள். ஸ்கெந்தெர் கொடுத்த சாவியால் சொந்தக்காரர்கள் வீட்டைத் திறந்து, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்தார்களாம். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரி காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தாளாம். அங்கே ஆஸ்பத்திரியில் குழந்தை மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே சாவு வீடு தயார். தாய்க்கு மட்டும் தெரியாது.

"ஏறு," என்றேன். எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. "யோவ், என் இடம் போயிடுச்சு!" என்று ஒருவன் கத்தினான். "இன்னிக்கு எல்லாருக்கும் ஆஸ்பத்திரிதான்யா இடம், உக்காரு!" என்றேன்.

அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். "பெட்ரிட், எங்கே இருக்கே?"

அவன் குரல் எனக்கே கேட்டது. "எல்லையைத் தாண்டிட்டேன்."

"யாரு வரச் சொன்னா?"

"அண்ணன். நேத்தே சொல்லிட்டாரு."

"உனக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

வாசலிலேயே வண்டியை விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். ஸ்கெந்தெர் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "உன் நல்லதுக்குத்தாம்மா..."

"தள்ளுங்க."

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். "நாங்க எதையும் ஒளிக்கலையே. குடும்பத்துக்குச் சொல்லிட்டோம்."

"அந்தக் குடும்பத்துல நான் யாரு டாக்டர்?"

அவர் பதிலுக்கு ஸ்கெந்தெரைப் பார்த்தார். அவள் எதிரில் நிற்கும்போதும் அவரைத்தான் பார்த்தார்! டாக்டருக்குப் பின்னால் நின்ற இளம் நர்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"பாப்பா காலையில கொஞ்ச நேரம் முழிச்சிருந்தா அக்கா. அம்மா எங்கே, அம்மா எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அம்மா வீட்டுல தூங்கறாங்கன்னு சொல்லிட்டோம்."

காலையில் மிமோசா எந்த வீட்டிலும் தூங்கவில்லை. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை. குழந்தையின் காதில் வாயை வைத்து, "அம்மா தூங்கலடி தங்கம், வெளியிலதான் இருந்தேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எரிசா கண் திறக்கவில்லை.