மூலைக்குப் போடும் துணி

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஃபைபர் பட்டறையில் பிஸ்மில்லாஹ் சொல்லாமல் ரெசினில் ஹார்ட்னர் ஊற்றமாட்டேன். ஊற்றியபின் அது இறுகத் தொடங்கிவிடும், நமக்காகக் காத்திருக்காது. அதனால் எந்தக் கண்ணாடியிழைத் துணி எங்கே என்பதை முன்னமே முடிவு செய்துவிட வேண்டும்.

வெள்ளிமலை ஜீப்காரர் ஒருவர் புது டாப்பு செய்யச் சொல்லி வந்தார். வேறெங்கோ செய்த பழைய டாப்பு மூலையில் உடைந்து, மேலே உட்கார்ந்திருந்தவரின் கால் உள்ளே இறங்கிவிட்டதாம். அதிலிருந்து மலைச்சனம் அவர் வண்டியில் ஏறுவதில்லை. வண்டிதான் அவருக்குச் சோறு.

நேராகப் போய் நெய்த கண்ணாடியிழைத் துணியைத் தடவிப் பார்த்தார். கோணிச் சாக்கு போலத் தடியாக இருக்கும்.

"பாய், எல்லா எடத்துலயும் இதையே போட்டுடுங்க. அந்தப் பஞ்சு மாதிரி கீறது வாணாம்."

பஞ்சு என்று அவர் சொன்னதை நாங்கள் ‘மேட்டு’ என்போம். நறுக்கிய இழைகளைத் தாறுமாறாகப் பரப்பி ஒட்டிய விரிப்பு அது. இழுத்தால் பிய்ந்து வரும். ஆனால் ரெசின் பட்டதும் தளர்ந்து எந்த வளைவிலும் படிந்துகொள்ளும். நெய்த துணி சமதளத்தில் ராஜா. மூலையில் விறைத்து நிற்கும், அடியில் காற்று தங்கிவிடும். வெளியே நின்ற ஜீப்பின் உடைந்த மூலையைக் காட்டினேன். வெறும் நெய்த துணி, கீழே விரல் நுழையும் பொந்து.

"நடுவுல நெய்த துணி, மேலயும் கீழயும் மேட்டு. மூலைக்கு மேட்டு மட்டும், அடுக்கு அடுக்கா. இப்படித்தாங்க போடுவேன்."

"ஒடஞ்சா?"

"ஒடையாது, இன்ஷா அல்லாஹ்."

"அப்ப அந்த மூலையிலயே குந்திக்கினு மலைக்கு வாங்க. எங்க சனம் உங்க பேச்ச நம்பாது, உங்க ஒடம்பப் பாத்தா நம்பும்."

நான் கனத்த ஆள்தான். சரி என்றேன்.

டாப்பு மாட்டிய மறுநாள் விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பின்மூலையில் ஏறி உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாதுகாப்புக்கு ஆயத்துல் குர்ஸி ஓதினேன். டாப்பின் மேல் எனக்குச் சந்தேகமில்லை, பயமெல்லாம் கீழே உருண்டுவிடுவேனோ என்றுதான்.

வெள்ளிமலையில் சாமை மூட்டைகளோடு சனம் நின்றது. ஒரு பெரியவர் நான் இருந்த மூலையைக் கீழிருந்து தட்டிப் பார்த்தார். பிறகு ஓர் அம்மா அண்ணாந்து சத்தம் போட்டாள்:

"இன்னா பாய், மேலயே வூடு கட்டிக்கினீங்களா? எறங்குங்க, மூட்ட ஏத்தணும்!"

அல்ஹம்துலில்லாஹ் என்று இறங்கினேன். உள்ளும் மேலும் ஆள் நிறைந்து ஜீப் கிளம்பியது. எனக்கு அதில் இடமில்லை. பஸ்ஸுக்கு நின்றேன்.