பின்கதவுச் சாவி

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு நான் மேனேஜர். குளிக்க வரும் வெந்நீர் ஆறிப்போயிருக்கிறது என்று மாடி அறைக்காரர்கள் தினமும் குறை சொல்வார்கள். வாளி சுமக்கும் நாகலூர்க்காரரை நான் கண்டபடி திட்டுவேன். அவர் "சரிங்க" என்பார்.

ஒருநாள் அவர் வரவில்லை. வேறு ஆளில்லாமல் நானே வாளியைத் தூக்கினேன். பாய்லர் கொட்டகைக்கு எதிரிலேயே மாடிக்குப் போகும் பின்கதவு. கம்பளி திருட்டுப் போகும் என்று அதைப் பூட்டச் சொன்னவன் நான்தான். பனிமூட்டத்தில் கட்டடத்தைச் சுற்றி, முன்வாசல் வழியாக மாடி ஏறுவதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது. அறைக்காரர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். அந்த முறைப்பு எனக்குத் தெரியும். தினமும் நான் முறைப்பதுதான்.

மறுநாள் நாகலூர்க்காரர் வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது.

"ஏனுங்க, சாவி தொலைஞ்சு போச்சுங்களா?"

"இல்லீங்க. இனிமே பூட்ட வேண்டாம்."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"கொட்டகை ஒழுகி விறகு நொம்ப நனையுதுங்க. மொத பஸ்ஸுக்குப் போறவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுக்கணுங்க. அப்புறம்..."

பேசிக்கொண்டே போனார். அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது "சரிங்க" ஒன்றுதான்.